சித்தப்பா வாங்கி வந்த குளிர்

நம் பள்ளிக்கூடத் தோழிகள் குழுவில் போன வாரம் ஒருத்தி ஒரு கேள்வி போட்டாள். பாளையங்கோட்டைப் பக்கம் புது வீடு கட்டியிருக்கிறாள். "ஏசி போடவா, இல்ல ஃபேனே போதுமாளா?" அவ்வளவுதான் கேள்வி. அதற்கு நீங்கள் எல்லோரும் பதில் போட்டீர்களே, அம்மாடி! டீச்சர் கேள்வி கேட்டபோது ஒருத்தியாவது வாயைத் திறந்திருப்பாளா? ஏசிக் காற்று கைகால் மூட்டுகளைப் பிடிக்கும் என்றாள் ஒருத்தி. ஃபேன் இருக்கிற வெக்கையைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும் என்றாள் இன்னொருத்தி. மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடி, வேப்ப மரம் வை என்று ஆளுக்கொன்று. கடைசியில் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். "நீ ஏன்ளா ஊமைக்கோட்டான் மாரி இருக்க?"

இந்த விஷயத்தை ஒரு வரியில் சொல்ல எனக்கு வராது. எழுதித்தான் ஆகவேண்டும். மருந்துச் சீட்டைக் கையை நீட்டிப் பிடித்துப் படிக்கிற வயசு நமக்கெல்லாம் வந்துவிட்டது. இனியும் இதை மனசிலேயே வைத்துக்கொண்டிருந்தால் மறந்துகூடப் போகும். மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

டவுனில் எங்கள் வீடு உங்களுக்குத் தெரியும். கொடுக்காப்புளி பொறுக்க வந்து கூச்சல் போடுவீர்களே, அதே வீடுதான். முன்னால் பட்டாசாலை என்கிற கூடம், பின்னால் அடுக்களை, அதற்கும் பின்னால் கிணற்றடி. நடுவில் ஓர் அறை. அதை 'உள்ரூம்' என்போம். இரண்டு பக்கமும் சன்னல், மேலே குருவி வந்து போகிற மாதிரி ஒரு சாளரம். தொண்ணூறுகள் பிறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அந்தச் சித்திரையில் ஆற்றில் முழங்காலளவுக்குத் தண்ணீர் ஓடினால் அதிசயம். பகலில் சுவரில் முதுகைச் சாய்க்க முடியாது, சுடும்.

அந்தச் சித்திரையில்தான் சித்தி பேறுகாலத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அம்மையின் ஒரே தங்கை. கல்யாணமாகி ரொம்ப வருசம் பிள்ளை இல்லாமல், திருச்செந்தூருக்கு நடையாய் நடந்து, இனி இல்லை என்று எல்லோரும் கைவிட்ட பிறகு தங்கிய பிள்ளை. பெண் பிள்ளை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்தபோது, துண்டுக்குள் பிள்ளை இருக்கிறதா என்று நான் தொட்டுப் பார்த்தேன். அவ்வளவு சின்னது.

அம்மையையும் சித்தியையும் பெற்றவள் அப்போது உயிரோடு இல்லை. அதனால் அக்காவான எங்கள் அம்மைதான் சித்திக்குத் தாய். அதில் அம்மைக்குப் பெருமை கொஞ்சம், பயம் நிறைய. யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிக்கொண்டிருப்பாள்: "தாயில்லாப் பிள்ளைக்குப் பேறுகாலம் பாத்த லெச்சணத்தப் பாருன்னு நாளைக்கு ஒருத்தி நாக்கு மேல பல்லப் போட்டுப் பேசிரப்பிடாது." ஆகையால் பேறுகாலத்து முறைகளில் ஒன்றைக்கூட அவள் விடவில்லை. சித்திக்குக் காதில் பஞ்சு, தலையைச் சுற்றித் துணி, குடிக்க வெந்நீர், பூண்டுக் குழம்பு, மிளகுச் சாறு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: காற்று ஆகாது.

"பச்சை உடம்புக்காரிக்குக் காத்து ஆகாது. காது வழியா ஏறிச்சுன்னா சன்னிதான்" என்று சொல்லி, அப்பாவை ஸ்டூலில் ஏற்றி, உள்ரூம் ஃபேனின் இறக்கையைக் கயிறு போட்டுக் கட்டச் சொன்னாள்.

"சுவிச்சப் போடாம இருந்தாப் போதாதாட்டி? இதையும் கட்டணுமா?" என்று அப்பா மேலேயிருந்து கேட்டார்.

"உங்க மக கை சும்மா கெடக்குமா?" என்று அம்மை என்னைக் காட்டினாள்.

கட்டிப்போட்ட ஃபேனுக்குக் கீழே சித்தியும் பிள்ளையும் வெந்தார்கள். பிள்ளைக்கு முதலில் வேர்க்குரு, பிறகு கொப்புளம், பிறகு அதில் சீழ். படுக்கப் போட்டால் அழும், தூக்கினாலும் அழும். பனையோலை விசிறியைக்கூடக் கால்பக்கம் மட்டும்தான் வீசலாம் என்று அம்மை சொல்லியிருந்தாள். நான்தான் வீசுவேன். பிள்ளை அழுது அழுது குரல் கம்மிப்போவதைக் கேட்டுக்கொண்டே வீசுவேன்.

சித்தப்பா வந்தது அப்போதுதான். தூத்துக்குடிக்காரர், கப்பலில் எஞ்சின் ரூம் வேலை. பிள்ளையைப் பார்க்க லீவு வாங்கிக்கொண்டு ஓடிவந்தவர், உள்ரூம் வாசலில் செருப்பைக்கூட முழுசாய்க் கழற்றாமல் நின்றுவிட்டார்.

"மதினி, பிள்ளையப் பாத்தியளா? தோலெல்லாம் வெந்து கெடக்கு. ஒரு ஃபேனப் போட்டாத்தான் என்ன?"

"தம்பி, நான் சொல்லுதது உங்களுக்குச் சிரிப்பா இருக்கும். காத்து ஆகாது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுதது?"

அப்பா நடுவில் புகுந்தார். "டேபிள் ஃபேனச் சொவரப் பாத்துத் திருப்பி வச்சா, காத்து சொவத்துல பட்டு பைய வரும்லா?" அம்மை பார்த்த பார்வையில் அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.

சித்தப்பா பிள்ளையின் கழுத்தடியில் இருந்த கொப்புளங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "அப்ப காத்துதான் ஆகாது, குளிர்ச்சி ஆகும். அப்படித்தான மதினி?"

அம்மை யோசித்தாள். "குளிர்ச்சியா இருந்தா பிள்ளைக்கு நல்லதுதான். காத்து அடிக்கப்பிடாது."

"அப்ப ஏசி போட்டுருவோம். அதோட வாயை மேல மச்சப் பாத்துத் திருப்பி விட்டுட்டா ஆள் மேல ஒரு பொட்டுக் காத்து படாது. ரூம் தானாக் குளிரும்."

ஃபேனா ஏசியா என்று எங்கள் வீட்டில் நடந்த வழக்கு இவ்வளவுதான், தோழிகளே. காற்று ஆகாது என்ற ஒரே காரணத்தால் ஏசி ஜெயித்தது. செலவைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

பேட்டையில் பட்டறை வைத்திருந்த ஒரு மெக்கானிக் வந்து உள்ரூம் சுவரை இடித்து ஓட்டை போட்டான். மரச்சட்டம் வைத்து, இரும்புப் பெட்டி மாதிரி ஒன்றை அதற்குள் தூக்கி வைத்தான். எங்கள் தெருவிலேயே முதல் ஏசி. போகும்போது, "அண்ணாச்சி, காத்து ஒரு பொட்டு வெளிய போகப்பிடாது, பாத்துக்கோங்க. அப்பத்தான் ரூம் குளிரும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதைச் சித்தப்பா வேதவாக்காய் எடுத்துக்கொண்டார். சாளரத்துக்குப் பலகை வெட்டி அடித்தார். சன்னல் கதவுகளின் இடுக்குகளில் பழைய பேப்பரை மைதாப் பசையில் நனைத்துத் திணித்தார். அதன்மேல் ஒட்டினார், காய்ந்ததும் மறுபடி ஒட்டினார். கதவுக்கடியில் போட, கோணிச்சாக்கைப் பாம்பு மாதிரி சுருட்டித் தைத்தார். ஊதுபத்தியைக் கொளுத்தி ஒவ்வொரு மூலையாய்ப் பிடித்து, புகை எங்காவது இழுக்கிறதா என்று பார்த்தார். எங்கும் இழுக்கவில்லை. நேராய் மேலே போனது.

"கப்பக்காரர் வேலைன்னா சும்மாவா? சொட்டுத் தண்ணி நுழையாது!" என்று அப்பா சிலாகித்தார்.

சுவிட்சைப் போட்டதும் ஸ்டெபிலைசர் 'டக்' என்றது. கொஞ்ச நேரத்தில் உள்ரூம் வேறு ஊராகிவிட்டது. தெருவே வந்து பார்த்தது. "ஏளா, உங்க வீட்ல ஊட்டி வந்திருக்காம்லா" என்று கேலி பேசிக்கொண்டே வந்த பெண்கள், உள்ளே வந்ததும் எழுந்து போக மனசில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே சந்தில் ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டும். அதற்கு ஒரு வாளி வைத்தோம். அந்தத் தண்ணீரில் முகம் கழுவினால் நிறம் கொடுக்கும் என்று நான் உங்களிடம் அளந்துவிட்டதும், நீங்கள் வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு போனதும் ஞாபகம் இருக்கிறதா?

அன்றைக்கு மத்தியானம் பிள்ளை அழாமல் உறங்கியது. சித்தப்பா தொட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார், காப்பி ஆறிப்போனது. லீவு முடிந்து கப்பலுக்குப் புறப்படும்போது, ஆட்டோவில் ஏறின பிறகும் தலையை நீட்டிச் சொன்னார்: "மதினி, கதவ மட்டும் திறந்து போட்டுராதிய. குளிர் போயிரும்."

"நீங்க கவலப்படாமப் போங்க தம்பி" என்றாள் அம்மை.

அவர் போன பிறகுதான் வேறு தொல்லை ஆரம்பித்தது. பிள்ளையின் கொப்புளம் ஆறி வந்தது. ஆனால் சித்தியின் கைகாலெல்லாம் சில்லிட்டது. போர்வைக்குள் கிடந்து நடுங்கினாள். பார்க்க வந்த ஒருத்தி வாசலைத் தாண்டுவதற்குள்ளேயே சொன்னாள்: "பச்சை உடம்புக்காரியக் கொண்டுபோய்ப் பனிக்கட்டியில வச்சிருக்காளே, இவளுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா?" அது அம்மை காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் வந்தவள் சொன்னாள்.

அம்மை அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஏசியை நிறுத்தினால் பிள்ளைக்குக் கொப்புளம் வரும், மாப்பிள்ளை பேச்சை மீறின மாதிரியும் ஆகும். ஓடவிட்டால் தங்கைக்குச் சீதளம். செத்துப்போன தாய்க்கும் கட்டுப்பட வேண்டும், கப்பலில் இருக்கிற மாப்பிள்ளைக்கும் கட்டுப்பட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தாள். நானும் அப்பாவும் அவளை மெச்சினோம்.

பிள்ளையைக் குளிப்பாட்டின பிறகு சாம்பிராணி காட்ட எங்கள் வீட்டில் ஓர் இருப்புச்சட்டி இருந்தது. அம்மையைப் பெற்றவளின் சட்டி. ஒரு காது உடைந்தது, என்னால் ஒரு கையால் தூக்க முடியாது. அம்மைக்கும் சித்திக்கும் எனக்கும் அதிலேதான் புகை காட்டினார்களாம். அதில் தேங்காய்ச் சிரட்டைக் கங்கைப் போட்டுச் சாம்பிராணியைத் தூவி, பிள்ளைக்கு ஒரு சுற்று, தாய் தலைமுடிக்கு ஒரு சுற்று காட்டிவிட்டு வெளியே கொண்டு போய்விடுவார்கள். இப்போது அம்மை அதை வெளியே கொண்டுபோகவில்லை. கங்கோடு உள்ரூமிலேயே, தொட்டிலுக்குக் கீழே, சுவர் ஓரமாய் வைத்துவிட்டாள்.

"குளிருக்குக் குளிரும் ஆச்சு, சூட்டுக்குச் சூடும் ஆச்சு" என்றாள்.

"உங்க அம்மைக்கு மூள இருக்குட்டி" என்று அப்பா என்னிடம் சொன்னார்.

அவள் ஏனோதானோவென்றும் செய்யவில்லை. கிணற்றடியில் சிரட்டையைக் கொளுத்தி, புகையெல்லாம் போய், கங்கு செக்கச்செவேலென்று ஆகிற வரைக்கும் வியர்க்க வியர்க்கக் காத்திருப்பாள். புகை பிள்ளைக்கு ஆகாது அல்லவா? புகை முழுக்க அடங்கின பிறகுதான் சட்டியை உள்ளே எடுத்து வருவாள். கதவைச் சாத்துவாள். சாக்கைக் காலால் தள்ளி, இடுக்கு இல்லாமல் சரிசெய்வாள்.

சித்திக்குத் தலைவலி அந்த நாட்களில்தான் வந்தது. "எக்கா, தலைக்குள்ள உலக்கை போடுத மாரி இருக்கு" என்பாள். சாப்பிட்டதை ஓங்கரித்துக் கொட்டுவாள். அம்மை நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சீதளம் தலைக்கு ஏறுது" என்று இன்னும் இரண்டு சிரட்டை கூடப் போட்டாள். சித்திக்கு மறுபடி வலித்தது. அம்மை மறுபடி கங்கைக் கூட்டினாள்.

அப்போதெல்லாம் மத்தியானம் தவறாமல் கரண்ட் போகும், உங்களுக்குத் தெரியும். ஏசி நின்றதும் கதவைத் திறந்து வைப்போம். கொஞ்ச நேரத்தில் சித்தி எழுந்து உட்கார்ந்து பேசுவாள். "கரண்டு போனாத்தான் எனக்கு உசிரு வருதுக்கா" என்று சிரிப்பாள். எங்களுக்கு அதிலிருந்து விளங்கினது ஒன்றே ஒன்றுதான்: ஏசி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"அப்ப அத ஆஃப் பண்ணிருவோம்ளா" என்றார் அப்பா.

"அவிய கப்பல்லருந்து பக்கத்து வீட்டு போன்ல கூப்பிட்டு, பிள்ளை குளுகுளுன்னு இருக்கான்னு கேக்காவ. நான் என்ன சொல்லட்டும்? முப்பது நாள் கழியட்டும், பாப்போம்" என்றாள் அம்மை.

போனில் அவர் பேசும்போதெல்லாம் எல்லாம் நன்றாயிருக்கிறது என்றுதான் அம்மை சொன்னாள். கங்குச் சட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மறைக்க நினைத்துச் சொல்லாமல் விடவில்லை. பேறுகாலத்துச் சங்கதியை ஆம்பளையிடம் என்ன பேச்சு என்று விட்டுவிட்டாள். சொல்லியிருந்தால் அந்த மனுசர் போனிலேயே அலறியிருப்பார்.

ஒருநாள் உள்ரூம் சுவரிலிருந்து பல்லி ஒன்று தொப்பென்று தரையில் விழுந்து கிடந்தது. குளிரில் விறைத்ததோ என்னவோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அம்மை பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டினாள். தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று வரிசையாய்ப் பலன் போட்டிருந்தது. தரையில் விழுந்தால் என்ன என்று போடவில்லை. அப்படியானால் ஒன்றும் இல்லை என்று பஞ்சாங்கத்தை மூடிவைத்தாள்.

நானும் வெயிலில் ஆடிவிட்டு வந்து அங்கே படுத்துக்கொள்வேன். ஒருநாள் எழுந்தபோது கால் பின்னியது, பட்டாசாலை சுற்றியது. "வெயில்ல அலஞ்சிட்டு ஏசில படுத்தா அப்படித்தான் வரும், மூதேவி" என்று அம்மை முதுகில் ஒன்று வைத்தாள். அதோடு நான் அங்கே படுப்பதை விட்டேன்.

அந்த நாளைச் சொல்ல வேண்டும். கத்திரி வெயில் உச்சத்தில் இருந்தது. காலையிலேயே பிள்ளையைக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, பால் கொடுத்துத் தொட்டிலில் போட்டார்கள். கீழே கங்குச் சட்டி. சித்திக்கு அன்றைக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றுகிற நாள். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு அண்டா நிறைய வெந்நீர். கிணற்றடியில் அம்மை அவளுக்கு நிதானமாய் ஊற்றினாள். தலை துவட்டி, முடியை உலர்த்தி, அடுக்களையில் உட்காரவைத்துச் சோறு போட்டாள். சித்தி அன்றைக்கு ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். வெளியே வந்தால் அவளுக்கு வாந்தி இல்லை.

வழக்கமாய்ப் போகிற கரண்ட் அன்றைக்குப் போகவில்லை. "நல்ல வேளை, பிள்ளை இன்னைக்கு நிம்மதியா உறங்கட்டும்" என்று அப்பா சொன்னார்.

"எக்கா, பால் கட்டுது. பிள்ளை இன்னும் எந்திரிக்கலையே" என்றாள் சித்தி.

"உறங்குத பிள்ளைய எழுப்பப்பிடாதுளா. குளிர்ச்சில நல்லா அசந்து உறங்குது. நீ சாப்பிடு."

சித்தி கைகழுவினாள். அம்மை போய்க் கதவைத் திறந்தாள். நான் பட்டாசாலையில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்ததும் குளிர் வந்து என் காலைத் தொட்டது. அம்மை உள்ளே போனாள். "ஏ செல்லம்" என்று கூப்பிட்டது கேட்டது. இரண்டாம் தடவை கூப்பிட்டபோது குரல் மாறியிருந்தது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசல்நிலை வரைக்கும் வந்தவள் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். நான் பிள்ளையைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து அதற்கு அப்படி ஒரு நிறம் இருந்ததில்லை. கன்னம் இரண்டும் ரோஸ் நிறம், உதடு சிவப்பு. உறங்குகிறது என்றுதான் நினைத்தேன். செத்த பிள்ளை வெளுத்திருக்கும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். இது வெளுக்கவில்லையே, அப்படியானால் சாகவில்லை என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சித்தி கத்தின கத்தலை எழுத மாட்டேன். உள்ளே ஏசி ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்று சாயங்காலம் வரைக்கும் யாருக்கும் தோன்றவில்லை.

தெருமுனை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, குளிர் நெஞ்சைத் தாக்கியிருக்கும் என்றார். அதற்குமேல் எங்களுக்கு விளக்கம் எதற்கு? ஏசி பிள்ளையைக் கொன்றுவிட்டது என்று தெரு முழுக்கப் பேச்சாகிவிட்டது. உள்ரூம் கதவைப் பூட்டினாள் அம்மை. ஒரு துரும்பைக்கூட எடுக்கவில்லை, தொட்டில் தொங்கியது தொங்கினபடி.

கப்பலிலிருந்து சித்தப்பா வந்து சேர நாட்கள் ஆயின. பிள்ளையைப் புதைத்த இடத்துக்குப் போய்விட்டு வந்து, உள்ரூம் சாவியைக் கேட்டார். அப்பா கொடுத்தார். நான் அவர் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன்.

அவர் முதலில் தொட்டிலைத் தொட்டார். பிறகு குனிந்தார். தொட்டிலுக்கடியில் இருந்த இருப்புச்சட்டியை வெளியே இழுத்தார். விளிம்பு வரைக்கும் சாம்பல். விரலால் சாம்பலைக் கிளறினார். அப்புறம் தலையைத் தூக்கி, தான் பலகை அடித்த சாளரத்தைப் பார்த்தார். பசை காய்ந்து விறைத்த சன்னலைப் பார்த்தார். கதவடியில் கிடந்த சாக்கைப் பார்த்தார். மறுபடி சட்டியைப் பார்த்தார். ஒருத்தர் முகத்தில் ரத்தம் சுண்டிப்போவதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

அம்மை அடுக்களை நடையில் வந்து நின்று, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, "தம்பி, அந்த மெஷினு..." என்றாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை.

சித்தப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சொன்னார்.

"ஆமா மதினி. மெஷினுதான். நான் வாங்கிருக்கப்பிடாது."

தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சட்டியைச் சுற்றிக் கட்டி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போனார். குறுக்குத்துறைப் படித்துறைப் பக்கம், ஆற்றில் ஆழமான கசம் இருக்கிற இடத்துக்கு நடந்தார். திரும்பி வந்தபோது வேட்டி இடுப்பு வரைக்கும் நனைந்திருந்தது. கையில் ஒன்றும் இல்லை.

மறுநாள் ஏசியைப் பெயர்த்து எடுத்தார்கள். ஓட்டையைச் செங்கல் வைத்துப் பூசினார்கள். அந்தச் சதுரம் மட்டும் எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் தனியாய்த் தெரியும்.

பிறகு அவர்களுக்கு ஒரு பையன் பிறந்தான். சித்தி சித்தப்பாவோடுதான் வாழ்ந்தாள். ஆனால் சண்டை என்று வந்துவிட்டால் எங்கே ஆரம்பித்தாலும், "நீரும் உம்ம மெஷினும்" என்றுதான் முடிப்பாள். எங்கள் சொந்தத்தில் யாரும் அவரோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மை சோறு போடுவாள், குழம்பு ஊற்றுவாள், மோர் ஊற்றுவாள். ஒரு தடவைகூட நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்ததில்லை. தங்கை வயிற்றில் தீயை வைத்தவர் என்று கோபம், நியாயம்தானே என்று நினைத்துக்கொள்வேன். சித்தப்பா தன் வீட்டுச் சன்னல்களுக்கு இருந்த கதவையெல்லாம் கழற்றிவிட்டார். வெறும் கம்பிதான். ஆடிச் சாரலுக்கு வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும். கிறுக்கு என்றார்கள்.

என் பேறுகாலத்திலும் ஒன்று நடந்தது. அப்போது எனக்கு அது விளங்கவில்லை. சித்திக்கு ஃபேனைக் கயிறு போட்டுக் கட்டிய அதே அம்மை, எனக்கு எல்லாச் சன்னலையும் திறந்து போட்டு, ஃபேனை முழு வேகத்தில் சுற்ற விட்டாள். காதில் பஞ்சு இல்லை. சாம்பிராணி இல்லை. "பிள்ளைக்கு ஒரு புகைகூடக் காட்டாத பேறுகாலமா?" என்று என் மாமியார் சண்டைக்கு வந்தாள். "அதெல்லாம் எங்க வீட்ல கெடையாது" என்று அம்மை முகத்தில் அடித்த மாதிரி சொன்னாள். துக்கத்தில் எல்லாவற்றையும் வெறுத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தி இறந்து சில வருசம் கழித்து, பேப்பரில் சின்னதாய் ஒரு செய்தி பார்த்தேன். மலை ஊர் ஒன்றில் குளிருக்குக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை. கங்கிலிருந்து வருகிற அந்த வாயுவுக்குப் புகையும் கிடையாதாம், வாசனையும் கிடையாதாம். தலைவலிக்கும், வாந்தி வரும், பிறகு உறக்கம் வருமாம். இறந்தவர்கள் சிவந்து கிடப்பார்களாம். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் பேப்பரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கே சித்தப்பா வீட்டுக்குப் போனேன். கம்பிச் சன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பேப்பரைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

"அன்னைக்கே தெரியும், தாயி. கப்பல்ல மொதல்ல சொல்லித் தருததே இதத்தான். அடைச்ச எடத்துல தீ வைக்காதன்னு."

"ஏன் சித்தப்பா சொல்லல? சித்தி சாகுத வரைக்கும் உங்களத்தான பேசினா?"

"அடைச்சது நான். கங்கு வச்சது மதினி. ரெண்டுல ஒண்ணு இல்லன்னா பிள்ளை இருந்திருக்கும்." கண்ணாடியைக் கழற்றி மடக்கினார். "மதினி பெத்த தாயா நின்னு பேறுகாலம் பாத்தாவ. ஒங்க கையாலதான் பிள்ளை போச்சுன்னு அவியகிட்ட எப்படிச் சொல்ல? நான் எப்படியும் சுமக்கப் போறவன். சேத்துச் சுமந்துட்டேன். அவியளுக்குத் தெரியவே கூடாது தாயி. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அம்மையிடம் இந்தப் பேச்சையே நான் எடுத்ததில்லை.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். உங்கள் சளசளப்பையெல்லாம் படித்துவிட்டு, அம்மையிடம் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். அம்மை இப்போது என்னோடுதான் இருக்கிறாள். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"எம்மா, எல்லாவளும் ஏசி போடுதாளுவ. நாமளும் போடுவமா? வெக்கை தாங்கல."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். உறங்கிவிட்டாள் போல என்று எழுந்தேன். அப்போது சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த இருப்புச்சட்டிய உங்க சித்தப்பா எந்தப் படித்துறையில போட்டாவ?"

எழுந்தவள் அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். சட்டியை அவர் ஆற்றில் போட்டதை நான் யாருக்கும் சொன்னதில்லை. அம்மை அதைத் தேடினதும் இல்லை. தாய் விட்டுப்போன சட்டி, அப்படி ஒன்று காணாமல் போனால் வீட்டையே தலைகீழாய்ப் புரட்டுகிறவள், ஒரு தடவைகூட எங்கே என்று கேட்டதில்லை. அது ஏன் என்று எனக்கு இத்தனை வருசமாய்த் தோன்றவே இல்லை.

"குறுக்குத்துறையிலம்மா. கசத்துல" என்றேன்.

"ம். ஆழமான எடந்தான்." முந்தானையை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு, "ஞாயித்துக்கெழம உங்க சித்தப்பாவச் சாப்பிட வரச் சொல்லிருக்கியாமே" என்றாள்.

"ஆமா."

"நீயே சோறு போட்டுரு, என்ன? எனக்கு இன்னும் அவிய முகத்தப் பாக்க முடியல."